பதினேழு ஒன்றுகள்

வகுபட வேண்டிய எண் ஒன்று வகுபடாமல் தப்பிவிட்டது. அதுதான் நடந்த தப்பு. வேறு ஒன்றும் இல்லை.

உட்காருங்கள், டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். போனை அணைத்துவிட்டீர்களா? அணைத்தது மாதிரித் தெரியவில்லையே. கவிழ்த்து வையுங்கள். பேசுவதைப் பதிவு செய்து, பாதியை வெட்டி, மீதியைப் போடுகிற உலகம் இது. பேனா கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா, அது போதும்.

உங்கள் கல்லூரிக் கணிதச் சங்க மலருக்கு என்றீர்கள். ஐம்பது வருஷமாக இல்லாத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? உங்கள் கல்லூரியில் கணக்கு எடுத்த மகுடபதி உங்களுக்கு உறவா? அவருடைய மாணவியுமில்லையா? சரி. இல்லை என்றால் இல்லை. கேட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

பழைய மலரில் என்ன அச்சாகியிருக்கிறது? படியுங்கள். "கண்டவர்கள்: தீத்தாரப்பன், தொபியாஸ், ரயில்வே ஊழியர்கள்." ஆம். தீத்தாரப்பன் நான்தான். அந்த வரியைப் பற்றித்தான் கேட்க வந்தீர்கள். வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். அவசரப்படுவது என் வேலை.

நான் நம்பர் டேக்கர். கூட்ஸ் வண்டி யார்டுக்குள் வந்து நின்றால், தலையிலிருந்து வால் வரைக்கும் நடந்து ஒவ்வொரு வேகன் நம்பரையும் எழுதுகிற ஆள். வெயில், மழை, கரித்தூள் எல்லாவற்றிலும் நடக்கவேண்டும். ஒரு இலக்கம் மாறினால் சேலத்துக்குப் போகவேண்டிய சிமெண்ட் கொல்லத்துக்குப் போய் நிற்கும். முப்பத்தொரு வருஷம் செய்தேன். ஒரு நம்பர் தப்பில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஒரு நம்பர் தப்பில்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதினவன் சொல்வான், இன்னொருவன் திருப்பிப் படிப்பான். எப்படி? வாலிலிருந்து. கடைசி இலக்கம் முதலில், முதல் இலக்கம் கடைசியில். நேராகப் படித்தால் நாக்கு பழக்கத்தில் ஓடிவிடும். பின்னாலிருந்து படித்தால் ஓட முடியாது, ஒவ்வொன்றாகக் காலூன்றவேண்டும். எனக்குத் திருப்பிப் படிக்கிறவன் தொபியாஸ். அவனுக்கு நான்.

இந்த எண் எப்படி வந்தது தெரியுமா? அறுபத்திரண்டில் ஒருநாள் பதினேழு வேகன் வந்தது. வேகனுக்கு ஒரு கோடு போடுவோம். பதினேழு கோடு வரிசையாக நின்றது. தொபியாஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னவே பாக்கீரு?"

"இத ஒரு நம்பரா வாசிச்சா, பதினேழு ஒண்ணுல்லா. இது எதாலயாவது வகுபடுமாவே?"

அவ்வளவுதான். ஒன்பது வருஷம் போயிற்று.

11111111111111111. எண்ணிப் பாருங்கள், பதினேழு இருக்கவேண்டும். இரண்டால் போகாது, மூன்றால் போகாது, ஐந்தால் போகாது, ஏழால் போகாது. இரண்டு ஒன்று என்றால் பதினொன்று, அது பகா எண். மூன்று ஒன்று என்றால் மூன்றால் போய்விடும். பதினேழு ஒன்று? தெரியாது. எங்கள் ஜங்ஷனில் யாருக்கும் தெரியாது. கேட்டால் சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், "ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகலையா?" என்றார். தொபியாஸுக்கு ஆகியிருந்தது.

அந்த எண்ணுக்கு ஒரு குணம். அதை எந்த எண் மீதியில்லாமல் வகுத்தாலும், அந்த வகுக்கும் எண்ணை முப்பத்துநாலால் வகுத்தால் மீதி ஒன்றுதான் நிற்கும். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் டீச்சர், உங்களுக்கே தெரியும். ஆக எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கவேண்டாம். முப்பத்துநாலின் மடங்கு, கூட ஒன்று. அதில் மூன்று, ஐந்து, ஏழு மாதிரிச் சின்ன எண்ணால் வகுபட்டுவிடுகிற வீண் எண்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தொபியாஸ் பெரிய பட்டியலாகப் போட்டான். முப்பத்துநாலை ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி வந்தது எனக்கு. இரட்டைப்படையால் பெருக்கி வந்தது அவனுக்கு. பட்டியலிலிருந்து எண்ணை நம் நோட்டில் எழுதி, வகுத்து, மீதியைக் கீழே போட்டு, தேதி போடவேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு. வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில்.

சரிபார்க்க? தொபியாஸ் வீட்டுக்குப் போய்த் திருப்பிப் படிக்க வைப்பான். யாரை? அவன் வீட்டுக்காரியை. எட்டாம் வகுப்பு வரை படித்த பொம்பளை. ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் பட்டியல். எனக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு நோட்டில் குழம்பு பட்டிருக்கும். ஒருதரம் கேட்டேன், "உம்ம வீட்டம்மைக்கு இதுல என்னவே வேல?" என்று. "அவதாம்வே என் ஒன்பது" என்றான்.

ஒன்பது என்றது என்னைக் குத்த. என் வீட்டில் யார் இருக்கிறார்கள் படிக்க? நான் ஒன்பதால் சரிபார்ப்பேன். எண்ணின் இலக்கங்களைக் கூட்டு, வந்ததைத் திரும்பக் கூட்டு, ஒரே இலக்கம் வருகிறவரை கூட்டு. பெருக்கினாலும் வகுத்தாலும் அந்த இலக்கங்கள் ஒத்துப் போகவேண்டும். பட்டியல் எண்ணுக்கும் என் நோட்டு எண்ணுக்கும் அந்த இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் சின்னதாக எழுதி வைப்பேன். சுத்தமான முறை. குழம்பு படாது.

எழுபத்தொன்று மார்ச் வரை இப்படிப் போயிற்று. ஏறக்குறைய இருபத்தொரு லட்சம் வரை வந்துவிட்டோம். இரண்டு பேருமாக இருபத்துமூவாயிரத்துக்கு மேல் வகுத்தல். ஒன்றும் மீதியில்லாமல் போகவில்லை.

மார்ச் பதினொன்று. வியாழக்கிழமை. தேதி எப்படி ஞாபகம் என்று பார்க்கிறீர்களா? ஞாபகம் இருக்கிறது. டீக்கடையில் தொபியாஸும் மகுடபதியும் உட்கார்ந்திருந்தார்கள். மகுடபதி உங்கள் கல்லூரியில் அப்போது கணக்கு விரிவுரையாளர். இஸ்திரி போட்ட சட்டை. மேசையில் ஒரு தாள். தாளில் பதினேழு ஒன்று. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. வேகன் நம்பரை ஐம்பது அடியில் படிக்கிற கண் இது. என்னைப் பார்த்ததும் தொபியாஸ் தாளை மடித்தான். ஏன் மடிக்கவேண்டும்? டீ பட்டுவிடும் என்று மடித்தேன் என்று பிறகு சொன்னான். சொல்வான்.

அன்றைக்கும் என் நாலைச் செய்தேன். மனசு கொதித்தாலும் நாலு நாலுதான்.

ஒரு மாதம் கழித்து மகுடபதி யார்டுக்கே வந்தார். கல்லூரியில் கையால் சுற்றுகிற கணக்கு மிஷின் ஒன்று இருந்ததாம், அதை நாலு வாரம் சுற்றினாராம். சொன்னார்: "உங்க எண் பகு எண் சார். நிச்சயமா உடையும்."

"எதால?"

"அது தெரியாது."

கேட்டீர்களா? உடையும் என்று தெரியும். எதால் என்று தெரியாது. திருட்டுப் போனது நிச்சயம், என்ன போனது என்று தெரியாது என்கிற மாதிரி. நான் விடவில்லை.

"தெரியாம எப்படிய்யா சொல்லுதீரு?"

மூன்றை எடுத்துக்கொண்டாராம். நம் எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை மூன்றை மூன்றாலேயே பெருக்கி, வந்ததை நம் எண்ணால் வகுக்கவேண்டுமாம். பகா எண்ணாக இருந்தால் மீதி ஒன்று வந்தே தீரவேண்டும். வரவில்லையாம். அத்தனை தடவை பெருக்க எத்தனை ஜென்மம் வேண்டும் என்றேன். வர்க்கம் வர்க்கமாகப் போனால் ஐம்பத்துமூன்று படியில் முடியுமாம், நடுவில் அங்கங்கே ஒரு மூன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டுமாம். வழுவழுவென்று பேசினார்.

நான் அங்கேயே நின்று பத்தை வைத்துச் செய்து பார்த்தேன். பத்து சுலபம். இரண்டே நிமிஷம். மீதி ஒன்று!

"பாரும்! ஒண்ணு வந்துட்டு. இப்ப என்ன சொல்லுதீரு?"

மகுடபதி சிரித்தார். "பத்து அந்த எண்ணுக்குச் சொந்தக்காரன் சார். எப்பவும் ஒண்ணுன்னுதான் சொல்லும். சொந்தக்காரன் சாட்சி செல்லாது."

தொபியாஸும் சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, "தீத்தாரப்பா, சக்கரத்த சுத்தியலால தட்டுதோம்லா. சத்தம் மந்தமா வந்தா விரிசல்னு தெரியும். எங்க விரிசல்னு தெரியுமா? வண்டிய நிறுத்தித் தேடணும். இவரு தட்டிப் பாத்திருக்காரு, அவ்வளவுதான்" என்றான்.

ஒப்புக்கொள்ளலாம் என்றே தோன்றியது. யார் சொன்னது என்பதுதான் இடித்தது. பின்னால் தெரிந்தது, வெளிநாட்டில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யாரோ இந்த எண்ணை உடைத்துவிட்டார்களாம். எங்கள் ஊருக்கு அந்தப் புத்தகம் வரவில்லை. உமக்குத் தெரியுமா என்று மகுடபதியைக் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாதவர் முகமா அது? தெரிந்திருந்தால் எதற்கு நாலு வாரம் சுற்றப்போகிறார் என்கிறீர்களா? சரி, அதையும் யோசிக்கலாம். எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

மே முதல் வாரம் தொபியாஸுக்கு மாற்றல் வந்தது, மண்டபம் ஸ்டேஷனுக்கு. மாதக் கடைசியில் கிளம்பவேண்டும். உத்தரவு வந்த அன்றைக்கே என் அறைக்கு வந்தான்.

"நான் போறதுக்குள்ள இத முடிச்சிரணும்வே. என் நோட்ட எல்லாம் மறுபடி திருப்பிப் படிச்சாச்சு. ஒண்ணும் விடல. உம்ம நோட்டத் தாரும். ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்."

"எதுக்கு?"

"கையில இருந்த எண்ணு நழுவிருக்குமோன்னு."

"இருபத்தோரு லட்சத்துக்கு மேல இருக்கும். மேல போவோம்."

"மேல இருந்தா என்னைக்குவே போய்ச் சேருவோம்? பத்துக் கோடி வரைக்கும் போணும். ரெண்டு பேரும் செத்து, நம்ம நோட்டும் செத்துரும். கீழ விட்டிருந்தா இந்த மாசமே கெடைக்கும்."

"அப்ப நான் நம்பரத் தப்பா எழுதினவன்னு சொல்லுதீரு."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டீரு."

நோட்டைக் கொடுக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். நன்றாகத் தெரிந்துவிட்டது எனக்கு. வகுக்கும் எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மகுடபதி கண்டுபிடித்துவிட்டார். என் நோட்டு கைக்கு வந்ததும் கிழித்துவிட்டு, கல்லூரிப் பெயரில் போட்டுக்கொள்ளத்தான் இந்தக் கபடம். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? சொல்லாதீர்கள். முகத்தில் தெரிகிறது.

ஒன்பது வருஷம் பேசின ஆளுடன் பேச்சு நின்றது. யார்டில் அவன் எழுதியதை நான் திருப்பிப் படிப்பேன், நான் எழுதியதை அவன் படிப்பான். இலக்கம் மட்டும். வேறு சொல் இல்லை. அவன் பட்டியலைத் தொடாமல், அவன் பங்கான இரட்டைப்படையையும் சேர்த்து நானே மேலே மேலே வகுத்துக்கொண்டு போனேன்.

மே பதினெட்டு. மத்தியானம் ஒரு மணி. பாசஞ்சர் போய்விட்டது, கூட்ஸ் மூன்றரைக்கு. அறை வாசலில் குடை. அவன் வீட்டுக்காரி. கையில் அந்தப் பெரிய பட்டியல்.

"அண்ணாச்சி, உள்ள வரலாமா?"

"நோட்டு தரமாட்டேன்."

"நான் கேக்கலையே. நோட்ட நீங்களே வச்சுக்கிடுங்க. நீங்களே பின்னாலேருந்து படிங்க. நான் பட்டியலப் பாக்கேன். நோட்டத் தொடமாட்டேன்."

"தொபியாஸ் அனுப்பினானா?"

"அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, அந்தாளுகிட்ட எதுக்குப் போனன்னு கத்துவாக."

"உமக்கு எதுக்கு இதெல்லாம்?"

குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள். "ஒன்பது வருசமா எங்க வீட்டுல மூணாவது ஆளா இந்த எண்ணு இருக்கு, அண்ணாச்சி. மண்டபத்துக்கும் கூட வந்து, ராவும் பகலும் அவுக மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கதுக்கு, இங்கயே அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போகலாம்லா."

உட்காரச் சொன்னேன். எதற்கு? ஒரு தப்பும் இல்லை என்று அவள் வாயாலேயே சொல்லவைத்து அனுப்ப. அந்த எண்ணம்தான். வேறு இல்லை.

நான் படித்தேன். அவள் விரல் பட்டியலில் நகர்ந்தது. முதல் நோட்டு, முதல் பக்கம். தினம் மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை. ஒருநாள், இரண்டுநாள், ஐந்துநாள். ஒவ்வொரு நோட்டு முடியும்போதும் "தப்பு உண்டா?" என்பேன். "இல்ல அண்ணாச்சி" என்பாள். எட்டு நாள். பதினோராயிரத்துக்கு மேல். ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் வரும்போது எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. அன்றைக்குத்தான் கடைசி நோட்டு. மறுநாள் காலை அவர்களுக்கு வண்டி.

படித்துக்கொண்டே போனேன். "ஒன்பது, ஒண்ணு, அஞ்சு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம், ரெண்டு."

"சரி."

"மூணு, ஏழு, ரெண்டு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம், ரெண்டு."

அவள் "சரி" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். விரல் நின்றிருந்தது.

"மறுபடி படிங்க அண்ணாச்சி."

படித்தேன்.

"இங்க மூணு, ரெண்டு, ஏழுன்னு இருக்கு."

"பட்டியல் தப்பு" என்றேன். "உம்ம வீட்டுக்காரரு போட்டது தப்பு."

அவள் வாதாடவில்லை. "இதுக்கு முந்தின எண்ணு என்ன?"

"2071519."

"உங்க நோட்டுல இப்ப இருக்கது?"

"2071273."

"ஏறிக்கிட்டே வந்த வண்டி எப்படி அண்ணாச்சி திடீர்னு பின்னால போகும்?"

என் எண்ணை முப்பத்துநாலால் வகுத்தேன். மீதி ஒன்று நிற்கவேண்டும். இருபத்தேழு நின்றது. அது எங்கள் எண்ணே இல்லை. பட்டியலில் இருந்தது 2071723. வகுத்தேன். ஒன்று.

ஏழும் இரண்டும் இடம் மாறியிருந்தன. இலக்கத்தைக் கூட்டினால் இரண்டுக்கும் இருபத்திரண்டு, இரண்டுக்கும் நாலு. பக்கத்தில் என் கையால் சின்னதாக நாலு போட்டிருந்தேன். இடம் மாறினால் ஒன்பது பிடிக்காது, டீச்சர். அது எனக்குத் தெரியும். யார்டில் சின்னப் பயல்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"வகுங்க" என்றாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து வகுத்தேன். ஐந்து, மூன்று, ஆறு, மூன்று என்று ஈவு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஏழைப் போட்டு, பெருக்கி, கழித்தேன். பூஜ்யம்.

எனக்கு அந்தப் பூஜ்யத்தின் மேலேயே சந்தேகம். திரும்பப் பெருக்கினேன். 2071723-ஐ 5363222357-ஆல். வரி வரியாகக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. அவள் வாலிலிருந்து எண்ணினாள். பதினேழு.

பிறகு பக்கத்தின் மேலே இருந்த தேதியை இரண்டு பேரும் பார்த்தோம். மார்ச் பதினொன்று. டீக்கடைக்காரன் மேசை நாலையும் அன்றைக்கு வெளியில் போடாமல் இருந்திருந்தால் நான் அவர்களைப் பார்த்திருக்கமாட்டேன். அதைச் சொல்லவேண்டும். தப்பு என்றால் எல்லார் பங்கும் இருக்கிறது.

அவள் தேதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலைச் சுருட்டிக்கொண்டாள்.

"அவுகட்ட நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் போய்ச் சாமான் கட்டணும்."

மறுநாள் காலை பிளாட்பாரத்துக்குப் போனேன். தொபியாஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்று, வாலிலிருந்து சொன்னேன்.

"மூணு, ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம், ரெண்டு."

பெட்டி அவன் கையிலேயே நின்றது. அவன் நேராக, மெதுவாக, திருப்பிச் சொன்னான். "ரெண்டு, பூஜ்யம், ஏழு, ஒண்ணு, ஏழு, ரெண்டு, மூணு." பெட்டியைக் கீழே வைத்தான். "மீதி?"

"இல்ல."

என் தோளைப் பிடித்து ஆட்டினான். போர்ட்டரெல்லாம் பார்த்தார்கள். பிறகு கேட்டான்:

"ஒத்தையாவே, ரெட்டையா?"

ஒற்றை என்றால் என் நோட்டு. இரட்டை என்றால் அவன் நோட்டு.

"பாக்கல" என்றேன்.

தொபியாஸ் சிரித்தான். இருபது லட்சத்தை முப்பத்துநாலால் மனசில் வகுக்க அவனுக்கு அரை நிமிஷம் போதும். வண்டி நகர இரண்டு நிமிஷம் இருந்தது. வகுத்தானா என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் இருந்தவளுக்கு எல்லாம் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் ஜன்னல் கம்பியிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலருக்குக் கடிதம் எழுதினது நான்தான். "சரிபார்க்கும்போது கிடைத்தது" என்று எழுதினேன். இரண்டு பெயர் கொடுத்தேன். தொபியாஸ் மண்டபத்திலிருந்து ஒரு கார்டு போட்டான்: "நம்ம பேர் அச்சில் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் சுகம்." வேறு ஒன்றும் இல்லை. அவனும் போய் இருபது வருஷம் ஆகிறது. அவளும் போன ஆவணியில் போய்விட்டாள் என்று நேற்றுத்தான் நீங்கள் போனில் சொல்லி எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

முப்பத்தொரு வருஷம் ஒரு நம்பர் தப்பில்லை என்றேன் அல்லவா, அது யார்டில். அது வேறு. அதை அடிக்காதீர்கள்.

அச்சிலிருக்கிற அந்த வரியை அடியுங்கள். தீத்தாரப்பன் வகுத்தான், தொபியாஸ் பட்டியல் போட்டான், அதை வேண்டுமானால் கீழே சின்ன எழுத்தில் போடுங்கள். "கண்டவர்" என்று ஒருமையில் எழுதுங்கள். எழுதியாயிற்றா? பேனாவை எடுக்காதீர்கள். பக்கத்தில் அவள் பெயர். ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்குத் திருப்பிப் படிக்கவேண்டும்.

பெர்பெத்து.